ஒரு கோக்கா குறைந்த நாள்

எங்கள் மில்லில் எனக்கு 'ரெண்டு மாச மிலிட்டரி' என்று பெயர். வைத்தவன் யாரென்று எனக்குத் தெரியும், சொன்னால் சண்டை வரும். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில், நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டராக இருக்கிறேன். வருஷத்தில் பத்து மாதம் கையில் கிரீஸ், மீதி இரண்டு மாதம் கையில் துப்பாக்கி. டெரிட்டோரியல் ஆர்மி என்பதைப் பத்திரிகைகளில் பிராந்திய ராணுவம் என்று எழுதுகிறார்கள். அவரவர் பிழைப்பை விடாமல், கூப்பிடும்போது போய்ப் பயிற்சி எடுத்து, தேவைப்பட்டால் எல்லைக்கும் போய் நிற்கிற பகுதிநேரப் படை அது. அதில் நான் ஹவில்தார். மில்லில் என்னை 'ஏலே' என்று கூப்பிடுகிற மேஸ்திரிக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

சிப்பாய்கள் மட்டுமல்ல, எங்கள் அதிகாரிகளும் பகுதிநேரம்தான். சேர்ந்த புதிதில் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஒருவர் இருந்தார், பெரிய இடத்துப் பிள்ளை. கார் கண்ணாடியில் 'கேப்டன்' ஸ்டிக்கர், மைத்துனி கல்யாணப் பத்திரிகையில் 'கேப்டன்', வீட்டு வாசல் பலகையிலும் அதுவே. பரேடு மைதானத்தில் மட்டும் ஆடிக்கொரு நாள், அமாவாசைக்கொரு நாள்தான் அவரைப் பார்க்கலாம். ராணுவ கேன்டீனில் சாமான் வாங்க வரும்போது மட்டும் நேரம் தவறமாட்டார். இந்த மாதிரி ஆட்களுக்கு சல்யூட் அடித்து அடித்து என் கை வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த கேப்டன் எங்கள் கம்பெனிக்கு, அதாவது எங்கள் படைப் பிரிவுக்கு வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சர்வே பாடம் நடத்துகிறவர். அவர் ராணுவத்தில் இருப்பது அவருடைய மாணவர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒல்லி உடம்பு, தணிந்த குரல், மூக்குக் கண்ணாடி. முதல் நாள் பார்த்தபோது, இவர் கட்டளை கொடுத்தால் முதல் வரிசைக்கே கேட்காதே என்று நான் பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தேன். அந்தக் கிசுகிசுப்பு மட்டும் அவருக்கு நன்றாகவே கேட்டுவிட்டது. அன்று சாயங்காலம் வரை மைதானத்தைச் சுற்றி ஓடினேன்.

அவரிடம் முதலில் என்னை அசைத்தது வீரம் ஒன்றும் இல்லை. புதிதாக வந்த ஒரு ஆயுதத்தைப் பிரித்து மாட்டும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்பிரிங்கை எந்தப் பக்கமாகப் போடுவது என்று ஒருவன் கேட்டான். கம்பெனி முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "எனக்குத் தெரியல. சுபேதார் சாப், நீங்க சொல்லுங்க, நானும் கத்துக்கிறேன்" என்றார். எங்கள் மில்லில் தெரியாத மெஷினைக்கூடத் தெரிந்த மாதிரி தட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாஸ்டர்களையே பார்த்துப் பழகியவன் நான். எனக்கு அது புதிதாக இருந்தது. முழுநேர ராணுவத்திலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அந்த சுபேதார், அன்றிலிருந்து இவருக்கு சல்யூட் அடிக்கும்போது குதிகாலைக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

நீண்ட நடைப் பயிற்சி முடிந்தால் நாங்கள் எல்லோரும் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார வேண்டும். அவர் ஒவ்வொருவர் பாதத்தையும் கையில் எடுத்துக் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பார். அதிகாரி செய்ய வேண்டிய வேலை என்று புத்தகத்திலேயே இருக்கிறதாம். அதற்கு முன் வந்தவர்கள் யாரும் அந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. மகாராஜபுரத்தில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி, தன் காலை வாத்தியார் தொடுவதா என்று பதறிப்போய் இழுத்துக்கொண்டார். "காலை நீட்டுங்கய்யா, நாளைக்கு நீங்க நொண்டுனா நான்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லி அவரையும் விடவில்லை. பயிற்சி இல்லாத மாதங்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தில் எங்களை ஓட வைத்தார். அதற்குப் படி கிடையாது, உத்தரவும் கிடையாது. கூடவே அவரும் ஓடினார். வராதவனை ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த வாரம் அவன் வரும்போது, "உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்" என்பார். அதற்குப் பயந்தே எல்லோரும் வந்தோம்.

இனி என் அக்கா மருமகன் கதைக்கு வருகிறேன். தேவதானத்துப் பையன் என்று சொல்லுவேன், ஆனால் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். எங்கள் மில்லிலேயே டாபர். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டுக் காலிப் பாபின்களை ஸ்பிண்டில்களில் சொருகுகிற வேலை. கை மின்னல் மாதிரி போகும். பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து வெறி. ஆள் எடுக்கிற இடமெல்லாம் போய் நின்று, ஒரு இடத்தில் மார்பளவு, ஒரு இடத்தில் ஓட்டம் என்று திரும்பித் திரும்பி வந்து, கடைசியில் வயதும் தாண்டிவிட்டது. டெரிட்டோரியல் ஆர்மியில் வயது வரம்பு அதிகம் என்று நான்தான் சொன்னேன். அவனுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அது. தேர்வானபோது என் அக்கா மகள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அதுவரை அவனை வெறும் டாபராகப் பார்த்த ஊர், அதன்பின் 'மிலிட்டரிக்காரர்' என்று கூப்பிட்டது. முதல் வருஷம் தேறாவிட்டால் இந்தச் சீருடை திரும்பப் போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அந்த வருஷப் பயிற்சியின் கடைசிப் பகுதியை எங்கள் ஊர்ப் பக்கமே வைத்திருந்தார்கள். மலையடிவாரத்தில் ஒரு சுடுதளம். காலையில் லாரியில் போகும்போது என் மருமகன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு கோக்காவைச் சாவிக்கொத்துல மாட்டுனா எம்புட்டு நல்லாருக்கும்" என்றான். சுட்ட பிறகு துப்பாக்கியிலிருந்து தெறிக்கிற வெறும் தோட்டாக் கூட்டைத்தான் நாங்கள் கோக்கா என்போம். பித்தளையில் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை கோக்கா திரும்ப வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் அது திருட்டு. விசாரணை, போலீஸ், பணிநீக்கம் என்று போகும். "வாயை மூடுலே" என்று அதட்டினேன். "சும்மா சொன்னேன் மாமா" என்றான். முகாமில் என்னை மாமா என்று கூப்பிடக் கூடாது என்று அதற்கும் ஒரு அதட்டல் போட்டேன்.

சுட்டு முடித்ததும் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவனும் இரண்டு கையையும் விரித்து, என்னிடம் தோட்டாவும் இல்லை, கோக்காவும் இல்லை என்று அதிகாரி முன்னால் இந்தியில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் வாயில் அது வாய்ப்பாடு மாதிரி ஒரே மூச்சில் வரும். அன்றும் எல்லோரும் சொன்னோம். பிறகு சேகரித்த கோக்காக்களை எண்ணினால், ஒன்று குறைந்தது. எந்த இடத்துக் குவியலில் குறைகிறது என்று பார்த்தால், என் மருமகன் படுத்துச் சுட்ட இடம். காலையில் லாரியில் இருந்த அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"சத்தியமா நான் எடுக்கல சார்" என்றான்.

கேப்டன் கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டு, "முதல்ல என்னைச் சோதிங்க" என்று கையை விரித்து நின்றார். ஒரு ஹவில்தார் கேப்டனின் சட்டைப் பையில் கைவிடுவதா? தயங்கினேன். "ஒழுங்கா பாருங்க, பூட்ஸையும்" என்றார். பார்த்தேன். அதன் பிறகு ஒருவனுக்கும் தன்னைச் சோதிக்கிறார்களே என்று முறுக்கிக்கொள்ள வாய்ப்பில்லாமல் போய்விட்டது. எல்லோரையும் சோதித்தோம். என் மருமகனை இரண்டு பேர் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு வரிசையாக முட்டி போட்டுப் புல்லைத் தடவிக்கொண்டே போனோம். எனக்குப் பக்கத்தில் கேப்டன் முட்டி போட்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நெருஞ்சி முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடைத்தன, கோக்கா மட்டும் கிடைக்கவில்லை.

அப்போது ஸ்டோர் பார்க்கிற ஹவில்தார், முழுநேர ராணுவத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், கேப்டன் அருகில் போனார். அவருடைய தகரப் பெட்டியில் பழைய கோக்கா ஒன்று கிடக்கிறதாம், எல்லா இடத்திலும் நடக்கிறதுதானாம், அதைப் போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டு வண்டியேறலாமாம். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அது இந்தச் சுடுதளத்துல விழுந்த கோக்கா இல்லையே" என்றார். அம்புட்டுதான். போனை எடுத்து, எங்கள் பட்டாலியனின் கர்னலை அழைத்து, ஒரு கோக்கா காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எல்லோர் முன்னாலும் தகவல் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த முகாம் முடிந்ததும் கம்பெனியை நிரந்தரமாக அவர் கையில் கொடுக்கப்போகிறார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தன் பேர் கெடக்கூடாது என்று அக்கா மருமகனின் வாழ்க்கையில் மண்ணைப் போடுகிறார் இந்த வாத்தியார் என்றுதான் நினைத்தேன். நல்லவன், நேர்மையானவன் என்று பேர் எடுக்கிறவர்களுக்கு எப்போதும் அடுத்தவன் தலைதான் கிடைக்கும் என்று வாய்க்குள் திட்டினேன். அக்கா மகளிடம் என்ன சொல்வேன்?

போனை வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "யாரும் யோசிக்காதீங்க. யோசிச்சா தப்பா ஞாபகம் வரும். காலையில எப்படிப் படுத்தீங்களோ அப்படியே படுங்க. தோட்டா இல்லாம, சுட்ட மாதிரியே எல்லாத்தையும் மறுபடி செய்ங்க. எழுந்திருச்சு எங்க நடந்தீங்களோ அங்கேயே நடங்க."

வெறும் துப்பாக்கியோடு படுத்தோம். விசில் ஊதினார். 'சுட்டோம்'. எழுந்தோம். அவரவர் போன வழியில் போனோம். நான் என் மருமகனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் எழுந்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டி, நாலு அடி நடந்தான். சட்டென்று குனிந்தான். தரையில் ஒன்றுமே இல்லை, ஆனால் அவன் விரல்கள் எதையோ எடுத்தன. நிமிர்ந்தான். வலது கை தானாகப் பக்கவாட்டில் போனது. அங்கே சுடுகிற இடத்தின் எண் எழுதிய தகடு ஒரு மெல்லிய இரும்புக் கம்பியில் இடுப்பு உயரத்துக்கு நின்றது. கம்பியின் நுனி தகட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவன் கை அந்த நுனியைத் தொட்டது. தொட்டபடியே நின்றுவிட்டான்.

கோக்கா அந்தக் கம்பியின் தலையில் தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது.

மில்லுக்காரன் எவனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் இடத்தில் காலிப் பாபின் தரையில் கிடந்தால் தாண்டிப் போகக் கூடாது. வண்டிச் சக்கரத்தில் நசுங்கிவிடும். குனிந்து எடுத்து, பக்கத்தில் நிற்கிற கம்பி எதுவோ அதில் சொருகிவிட்டுப் போக வேண்டும். வருஷக்கணக்காக ஷிப்டு ஷிப்டாக அதையே செய்கிறவனுக்கு மூளையின் அனுமதி தேவையில்லை, கையே செய்துவிடும். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்று சும்மாவா சொன்னார்கள். மஞ்சள் கம்பியில் பித்தளை தெரியவில்லை. கம்பெனி முழுக்கக் கண்ணைத் தரையில் நட்டுத் தேடிக்கொண்டிருந்ததில் இடுப்பு உயரத்தில் இருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். என் மருமகன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டே அழுதான்.

கிடைத்ததோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதப்போவதில்லை. தகவல் போய்விட்டதே. மறுநாளே பட்டாலியனிலிருந்து விசாரிக்க ஒரு மேஜர் வந்தார். கூடாரத்துக்குள் மேஜர், கேப்டன். வெளியே அழைப்புக்குக் காத்து நானும் மருமகனும். லாரியில் அவன் சொன்ன சாவிக்கொத்துப் பேச்சு எப்படியோ மேஜர் காதுக்குப் போயிருந்தது. இவன் எடுத்து ஒளித்து வைத்தான், மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் நாடகம் ஆடி எடுத்துக் கொடுத்தான், இந்தப் பகுதிநேரக்காரர்களே இப்படித்தான் என்று மேஜர் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். முழுவதும் புரியாவிட்டாலும் 'டிஸ்சார்ஜ்' என்ற வார்த்தை எனக்குப் புரிந்தது. மருமகனுக்கும் புரிந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

கேப்டன் பதில் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. "கிடைக்காதபோது கிடைக்கலைன்னு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன், சார். இப்ப அவன் எடுக்கலைன்னும் நான்தான் சொல்றேன்." ஆங்கிலத்தில்தான் சொன்னார். அவ்வளவு சின்ன வாக்கியங்கள் எனக்கே புரிந்தன.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டோர்க்காரரின் பழைய கோக்காவை அவர் வாங்கிப் போட்டிருந்தால், பிறகு எவனாவது அந்தக் கம்பியில் இருந்ததைக் கண்டு எடுத்திருந்தால், இந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு வாய் இருந்திருக்காது. அக்கா மருமகனைக் காப்பாற்றப் போவது அவர் சொல் ஒன்றுதான். அதைத்தான் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் போய் நான் சுயநலம் என்று திட்டியிருந்தேன்.

முடிவைச் சொல்லாமல் மேஜர் போனார். முகாமும் முடிந்தது. மில்லுக்குத் திரும்பிவிட்டோம். அடுத்து வந்த வாரங்களில் என் மருமகன் அரை ஆளாகிவிட்டான். சீருடையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, அதைத் திறக்கவே மாட்டேன் என்கிறார் என்று அக்கா மகள் வந்து என்னிடம் அழுதாள். "மாமா, ஏதாச்சும் தெரிஞ்சதா?" என்று அவன் ஷிப்டுக்கு ஒருமுறை வந்து கேட்பான். எனக்கு என்ன தெரியும்? "பொறவு சொல்லுதேன், போலே" என்று விரட்டுவேன்.

ஒருநாள் மதிய ஷிப்டு மாறுகிற நேரம். நானும் அவனும் மில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தோம். கேப்டன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பாலிடெக்னிக்கிலிருந்து நேரே வந்திருக்கிறார், சட்டைக் கையில் சாக்பீஸ் தூள். என் மருமகன் தலையில் பஞ்சும் இடுப்பில் ஏப்ரனுமாக விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.

"தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார். பிறகு, "நீ இருக்கே. உத்தரவு வந்திருச்சு. அடுத்த வருஷ முகாமுக்கு வந்திரு" என்றார்.

அவன் சிரித்தான், அழுதான், என் கையைப் பிடித்து உலுக்கினான். போனில் சொன்னால் போதாதா சார் என்று நான் கேட்டேன். இந்த மாதிரி விஷயத்தை நேரில் சொல்ல வேண்டும் என்றார். அந்த மகிழ்ச்சியில் மருமகன் கேட்டுவிட்டான்: "அடுத்த வருசமும் நம்ம கம்பெனி உங்க கையிலதான சார்?"

"இல்ல. வேற ஆபீசர் வாறார். நல்ல மனுஷன். நான் ஹெட்குவார்ட்டர்ஸ்ல ஸ்டோர் பார்ப்பேன்."

சொன்ன விதம் பஸ் நேரம் மாறிவிட்டது என்று சொல்கிற மாதிரி இருந்தது. மருமகன் முகம் செத்துவிட்டது. "என்னாலதான சார்? அன்னைக்கு மேஜர்கிட்ட எனக்காகப் பேசாம விட்டிருந்தா..."

"உன்னால இல்ல. அந்தக் கம்பியைத் தாண்டி எத்தனை தடவை நடந்தேன்? பார்க்கல. சுடுதளத்துல பார்க்கிறதுதான் என் வேலை. அதை நான் எழுதிக் கொடுத்தேன், அவங்க சரின்னுட்டாங்க." அவர் கோபத்தோடு சொல்லவில்லை, வருத்தம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. மில் சங்கு ஊதியது. கேட்டைக் கைகாட்டினார். "போ. அங்க உனக்கு ஒரு வேலை இருக்குல்ல."

அவன் ஓடினான். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

நான் உள்ளே போனேன். என் லைனில் ஒரு ஃபிரேம் நின்றிருந்தது. நூல் அறுந்து அறுந்து போகிறதாம். எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் நடுவில் நின்றுகொண்டு அறுந்த நூலை முடிகிற சைடர் பெண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ரோலர் தேய்ந்திருப்பதை நான் முந்தின வாரமே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இத்தனை வருஷ மில் வேலையில் 'நான் பார்க்கல' என்று யாரும் சொல்லி என் காது கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அன்றைக்குச் சொன்னேன். மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அந்தப் பெண்ணும்தான்.